வலை சும்மா கிடைக்கும், நூல் ஏன் விலை ஏறுகிறது?

கேள்வி: மகளுக்கு நீச்சல் உடை வாங்கப் போனேன். பழைய மீன்வலையிலிருந்து எடுத்த 'ஈகோனில்' நைலான் என்று ஒன்றைக் காட்டினார்கள். சாதாரண உடையைப் போல இரண்டு மடங்கு விலை. குப்பையில் செய்தது மலிவாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி. வலை சும்மா கிடைக்கலாம். ஆனால் அதைச் சுத்தம் செய்து ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் காசு கரைந்துவிடும். வலையோடு தக்கை, ஈயக்குண்டு, கயிறு, பாசி, சிப்பி எல்லாம் வரும். அத்தனையையும் ஆள் வைத்து அறுத்து நீக்க வேண்டும். இழுவலைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக், அவை இந்த நூலுக்கு ஆகாது. 'நைலான் 6' என்ற வகை நைலானில் செய்த வலைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011-இல் ஈகோனிலைக் கொண்டுவந்தது. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உள்ள அதன் ஆலையில் நைலானை வேதிமுறையில் உடைத்து, கேப்ரோலேக்டம் என்ற மூலப்பொருளாக்கி, மறுபடி நைலானாக்குகிறார்கள். அதனால் நூல் புது நைலானுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சிக்கல் என்னவென்றால், புது நைலானின் மூலப்பொருள் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. எண்ணெய் விலை இறங்கினால் அதுவும் இறங்கும். வலையைப் பிரித்துக் கழுவுகிறவரின் கூலி இறங்காது, இறங்கவும் கூடாது.

ஆனாலும் ஓர் உடையின் விலையில் நூலின் பங்கு சிறியதுதான். இரண்டு மடங்கு விலைக்கு நூல் மட்டும் காரணமாக இருக்க முடியாது, பிராண்டின் பெயருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். இதே நூலில் நெய்த துணியை வேறு நிறுவனங்களும் தைக்கின்றன. விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம், ஆமை படம் போட்ட அட்டையைப் பார்த்து, முழுக்கக் கடலில் மூழ்கி எடுத்த வலை என்று நினைக்க வேண்டாம். பழைய கம்பளம், ஆலைக் கழிவு எல்லாம் இதில் சேரும். வலைகளிலும் பல மீன் பண்ணைகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் வருபவை. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கடலில் விழுமுன்பே வலையை வாங்கிக்கொள்வதுதான் மீனுக்கும் ஆமைக்கும் நல்லது, செலவும் குறைவு.

லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். 78 சதவீதம் நைலான், 22 சதவீதம் எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை) என்பது வழக்கமான கலவை. எலாஸ்டேன் கலந்த துணியை மறுபடி நூலாக்குவது கடினம். ஜிஆர்எஸ் (மறுசுழற்சிப் பொருளுக்கான உலகத் தரச்சான்று) முத்திரை இருந்தால், குறைந்தது பாதி மறுசுழற்சிப் பொருள் என்று நம்பலாம்.

மகளின் பழைய உடை இன்னும் தாங்குகிறதா? அப்படியென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். குளோரின் முதலில் கெடுப்பது எலாஸ்டேனைத்தான். நீந்தி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் இன்னும் ஒரு வருடம் ஓடும்.