கார்பன் டை ஆக்சைடில் மெத்தை செய்யும் படிப்பு: கடலூர் அப்பா ஒருவருக்கு

ஐயா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள் "கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஃபோம் மெத்தை செய்கிறார்கள், அதைத்தான் படிப்பேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள், அப்படி ஒரு படிப்பு உண்டா என்று கேட்டீர்கள். சிப்காட் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளையை மறுபடியும் கெமிக்கலுக்கே அனுப்புவதா என்றும் கேட்டீர்கள்.

அந்தப் பெயரில் பட்டப்படிப்பு கிடையாது. ஆனால் அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃபோம் மெத்தை, சில செருப்புகளின் அடிப்பாகம், கார் சீட் ஆகியவற்றில் இருப்பது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டும் சேர்ந்தால் அது உருவாகும். பாலியாலைப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அதில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைக் கோக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த வாயு எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது, எதனோடும் எளிதில் சேராது. ஆகவே எபாக்சைடு என்ற பொருளைத் துணைக்கு அழைக்கிறார்கள். அதன் மூன்று அணு வளையம் வளைத்துப் பிடித்த மூங்கில் போல விறைத்து நிற்கும். அது விடுபடும்போது வெளிவரும் ஆற்றல்தான் வேலையை நடத்துகிறது. நடுவில் சரியான வினையூக்கியும் வேண்டும். 1969-இல் ஜப்பானின் ஷோஹெய் இனோவே துத்தநாகச் சேர்மம் ஒன்றை வைத்து இதை முதலில் காட்டினார். 2016-இல் கோவெஸ்ட்ரோ என்ற ரசாயன நிறுவனம் ஜெர்மனியின் டோர்மாகனில் ஆலையே திறந்தது. அங்கே பாலியாலில் 20 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு.

அந்த 20-ஐ மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நெய்வேலிப் புகைபோக்கியை மெத்தைக்குள் அடைத்துவிடலாம் என்ற கனவோடு வந்தால் இரண்டாம் ஆண்டிலேயே மனம் உடைந்துவிடும். ஆனால் பெட்ரோலியத்தின் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. உண்மையான லாபம் அதுதான். அது சின்ன லாபம் இல்லை.

இனி வழி. ஏன் வினை நடக்கிறது என்று துருவுகிற பிள்ளையா? பி.எஸ்சி. வேதியியல் போதும். கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலேயே படிக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அல்லது காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம். அதன்பின் நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சி. புனே தேசிய வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. லிட்டர் கணக்கில் செய்ததை டன் கணக்கில் செய்வது எப்படி என்று யோசிப்பவளா? அப்போது கெமிக்கல் இன்ஜினியரிங். இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100 என்பதால் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பிரிவு உண்டு, வீட்டிலிருந்தே போய் வரலாம். படிப்பின் பெயரில் "பாலிமர்" என்று இருப்பதற்காக மட்டும் தெரியாத கல்லூரியில் கட்டணம் கட்டாதீர்கள். அடிப்படைப் பட்டம் அகலமாக இருந்தால், இந்தத் துறை சுணங்கினாலும் மருந்து, பெயின்ட், உரம் என்று வேறு கதவுகள் திறந்தே இருக்கும்.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் பொருள், அதைத் தயாரிக்கப் பயன்படும் பாஸ்ஜீன் கொடிய விஷவாயு. கார்பன் டை ஆக்சைடு பாலியால் இந்த ஆபத்தை நீக்குவதில்லை. ஆனால் ஐசோசயனேட்டே இல்லாமல், கார்பன் டை ஆக்சைடிலிருந்து வளையக் கார்பனேட் என்ற பொருளைச் செய்து, அமீன் என்ற இன்னொரு பொருளோடு சேர்த்துப் பாலியூரித்தேன் உண்டாக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. சிப்காட் நாற்றத்தை முகர்ந்து வளர்ந்த பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளை அழைத்து வாருங்கள். வேதியியல் ரெக்கார்டு நோட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வகமா, ஆலையா என்று அதை வைத்துப் பேசிப் பார்ப்போம்.