சோதனைக் குழுவிடம் போகுமுன்

வணக்கம் ஐயா,

கூலிமில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். ஆறு நிரலாளர்களும் இரண்டு சோதனையாளர்களும் என்னிடம் வேலை செய்கிறார்கள். தோட்டங்களுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எங்கள் நிரலாளர்கள் தாங்கள் எழுதியதை ஒரு முறைகூடச் சரியாக ஓட்டிப் பார்க்காமல் சோதனைக் குழுவிடம் தள்ளிவிடுகிறார்கள். அது திரும்பி வருகிறது, மறுபடியும் போகிறது. ஒரே திருத்தம் நான்கு முறை போய்வந்ததும் உண்டு. நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தானாகச் சரிபார்க்கும் யூனிட் டெஸ்ட் எழுதச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள். நிரல் வரிகளில் 80 விழுக்காடாவது டெஸ்ட்டில் ஓட வேண்டும் என்று கவரேஜ் விதி போடலாமா, பிழை அதிகம் வருபவரின் போனஸைக் குறைக்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. நீங்கள் இத்துறையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நிர்வாகம் கேட்ட இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. போனஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் விளைவைச் சிறுவயதிலேயே பார்த்துவிட்டேன். நான் வளர்ந்ததும் ஓய்வுபெற்று இப்போது வசிப்பதும் பாடாங் செராயில்தான். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் என் அப்பா குலை வெட்டப் போனார். வெட்டிய குலையின் காம்பில் வெட்டியவரின் எண்ணை எழுதிவைக்க வேண்டும். பழுக்காத காய்க் குலை வந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த எண்ணைப் பார்த்துக் கூலியில் பிடிப்பார். குலை பழுத்ததற்கு அடையாளமாக மரத்தடியில் உதிரிப்பழம் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே அரிவாளைத் தூக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அபராதம் கூடியபோது காய்க் குலை குறையவில்லை. தவறி வெட்டிய குலைகள் மட்டைக் குவியலுக்கு அடியில் போய்விட்டன, அவ்வளவுதான். உங்கள் நிரலாளர்களும் இதையே செய்வார்கள். பிழையைப் பதிவு செய்யாமல் வாய்மொழியாகச் சொல்லிவிடும்படி சோதனையாளரைக் கேட்டுக்கொள்வார்கள். பதிவாகிவிட்டால், தேவை அறிக்கையே தெளிவாக இல்லை என்று வாதாடுவார்கள். பட்டியலில் எண்ணிக்கை இறங்கும், மென்பொருள் அப்படியே இருக்கும்.

கவரேஜ் விதி வேறு விதமாக ஏமாற்றும். டெஸ்ட் ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் ஓடின என்பதை மட்டுமே அது அளக்கிறது. வந்த விடை சரியானதா என்று யாராவது ஒப்பிட்டார்களா என்பதை அளப்பதில்லை. நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இப்படியொரு விதி வந்தது, சில மாதங்களிலேயே இலக்கை எட்டியும்விட்டோம். பின்னர் ஒரு நாள் அந்த டெஸ்ட்டுகளைத் திறந்து வரிசையாகப் படித்தபோது, பல டெஸ்ட்டுகள் ஃபங்ஷனை, அதாவது ஒரு கணக்கைச் செய்யும் சிறு நிரல் துண்டை, அழைத்துவிட்டு விடையை எதனோடும் ஒப்பிடாமலே முடிந்திருந்தன. அவற்றை எழுதியவர்களில் நானும் ஒருவன். எந்தப் பகுதி தொடப்படவே இல்லை என்று தெரிந்துகொள்ள அந்த எண் உதவும். அதை மதிப்பெண்ணாக்கிவிட்டால் அந்த உதவியும் போய்விடும்.

'நேரமில்லை' என்பதை நான் வெறும் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அட்டவணையில் ஒரு வேலைக்கு மூன்று நாள் என்று எழுதும்போது, டெஸ்ட் எழுதும் நேரமும் அந்த மூன்று நாளுக்குள் அடங்குகிறதா, அல்லது நிரலை எழுதி முடித்த நாளையே வேலை முடிந்த நாளாகக் கணக்கிடுகிறீர்களா? இரண்டாவதுதான் என்றால், டெஸ்ட் எழுதுபவர் மந்தமானவராகவும், எழுதாமல் தள்ளிவிடுபவர் வேகமானவராகவும் தெரிவார். நான்கு முறை போய்வந்த நாட்கள் சோதனைக் குழுவின் தலையில் ஏறிவிடும். இந்தக் கணக்கை மாற்றக்கூடியவர் நீங்கள்தான், நிரலாளர்கள் அல்லர். டெஸ்ட் இல்லாத வேலை முடிந்த வேலையல்ல என்று அறிவியுங்கள், அதற்கான நாளையும் கூட்டிக் கொடுங்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவியூவில், நிரலைப் படிப்பதற்கு முன் அதன் டெஸ்ட்டைப் படியுங்கள். புதிய நிரல் சேரும் ஒவ்வொரு முறையும் எல்லா டெஸ்ட்டுகளும் தாமாக ஓடி, ஒன்று தோற்றாலும் சோதனைக் குழுவுக்குக் கொடுக்கும் பில்ட், அதாவது ஓட்டத் தயாரான மென்பொருள், உருவாகாதபடி அமைத்துவிட்டால், நீங்கள் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நிற்க வேண்டியிராது. கருவிக்குப் பஞ்சமில்லை. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் உட்கார்ந்து எழுதிய, ஜாவா நிரல்மொழிக்கான டெஸ்ட் கருவியான ஜேயூனிட் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அது போன்றவை பெரும்பாலான நிரல்மொழிகளுக்கு உண்டு.

இவ்வளவு செய்தும் அவர்கள் தயங்கினால், நிரலே டெஸ்ட் எழுத முடியாதபடி கிடக்கிறது என்று பொருள். சம்பளக் கணக்கு மென்பொருளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கிடும் வரிகள் திரையின் பொத்தானுக்குள்ளும் தரவுத்தள அழைப்புகளுக்குள்ளும் பின்னிக் கிடக்கும். ஒரே ஒரு பெருக்கலைச் சோதிக்க ஒரு போலித் தரவுத்தளத்தையே கட்டியெழுப்ப வேண்டியிருக்கும். ஆகவே கணக்கைத் தனியாகப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதிப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம், போனஸ், வயது ஆகிய மூன்றும் உள்ளே போகின்றன. முதலாளியின் பங்கும் தொழிலாளியின் பங்கும் வெளியே வருகின்றன. தரவுத்தளமும் திரையும் அதற்குத் தேவையே இல்லை.

இந்தச் சிறிய ஃபங்ஷனுக்குள் எவ்வளவு பொறிகள் இருக்கின்றன என்று பாருங்கள். 60 வயதுக்குட்பட்ட மலேசியருக்கு, சம்பளம் 5,000 ரிங்கிட் வரை முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் செலுத்த வேண்டும். அதற்கு மேல் முதலாளியின் பங்கு 12 விழுக்காடு. சரியாக 5,000 ரிங்கிட்டுக்கு முதலாளி 650, தொழிலாளி 550. சம்பளம் ஒரு ரிங்கிட் கூடி 5,001 ஆனால் என்ன வரும்? நேராகப் பெருக்கும் நிரலாளருக்கு முதலாளியின் பங்கு 600 ரிங்கிட் 12 சென் என்று வரும். அடுத்த முழு ரிங்கிட்டுக்கு ஏற்றி 601 என்று எழுதிவிடுவார். சேமநிதி அட்டவணையில் இருப்பதோ 612. 5,000க்கு மேல் 5,100 வரை ஒரே படியாகக் கொண்டு, அந்தப் படியின் மேல் எல்லைக்கே பங்கு கணக்கிடப்படுகிறது. இனி போனஸுக்கு வருவோம். மாதச் சம்பளம் 4,800 ரிங்கிட் உள்ளவருக்கு 1,000 ரிங்கிட் போனஸ் கிடைத்து மொத்தம் 5,000ஐத் தாண்டினாலும், முதலாளியின் விகிதம் 13 விழுக்காடாகவே நிற்கும். 60 வயதை எட்டிவிட்டவருக்கு முதலாளியின் விகிதம் 4 விழுக்காடாக இறங்குகிறது. தொழிலாளியிடம் கட்டாயமாக எதுவும் பிடிக்கக்கூடாது. அந்த வயதை பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் காட்டும் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களிலிருந்து எடுக்கும் நிரல், 05 என்பதை 1905 என்று புரிந்துகொண்டால், மீசை முளைத்துக்கொண்டிருக்கும் பையன் நூறு வயதைத் தாண்டிய கிழவனாகி, அவன் சம்பளத்தில் சேமநிதியே பிடிக்கப்படாமல் போகும்.

உங்கள் சோதனையாளர் இவற்றைத் திரை வழியாகச் சோதிக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலாளரைப் பதிவு செய்து, மாதச் சம்பளத்தை ஓட்டி, சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும்; அரை நாள் போய்விடும். அதையே டெஸ்ட்டாக எழுதினால் ஆளுக்கு ஒரு வரி, ஓடி முடிய ஒரு நொடிகூட ஆகாது. நாளை வேறொருவர் அதே இடத்தில் கைவைக்கும்போதும் அது தானாகவே ஓடும். சோதனைக் குழுவிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு பிழைக்கும், அதைத் திருத்துவதற்கு முன், அந்தப் பிழையால் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதும் பழக்கத்தையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சோதனையாளர் எதற்கு என்று நிர்வாகம் கேட்கக்கூடும். 1999இல் செவ்வாயை நோக்கிச் சென்ற நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்த உந்துவிசைக் கணக்கை இன்னொன்று நியூட்டன் அளவாக எடுத்துக்கொண்டதுதான். தனித்தனியாகச் சோதித்துக்கொண்டிருந்தால் இரண்டும் தம்மளவில் தேறியிருக்கக்கூடும். பகுதிகள் சேரும் இடத்தையும், அலுவலகக் கிராணி அவசரத்தில் ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்தும் நாளையும் சோதிப்பது உங்கள் சோதனையாளர்களின் வேலை. பெருக்கல் சரியா என்று பார்ப்பதில் அவர்களுடைய நாட்கள் போய்க்கொண்டிருக்கும்வரை அதற்கு அவர்கள் வரவே முடியாது.

வருகிற வாரம் உங்கள் இளைய நிரலாளர் ஒருவரோடு உட்கார்ந்து, மேலே சொன்ன 5,000, 5,001, போனஸ், 60 வயது, 05 ஆகிய ஐந்தையும் மட்டும் எழுத வையுங்கள். முதல் ஓட்டத்திலேயே ஒன்றாவது தோற்கும் என்று நினைக்கிறேன். எது தோற்றது என்று எனக்கு எழுதுங்கள்.