எத்தியோப்பியாவில் தொண்டும் ஞாயிறு ஆராதனையும்: கேள்வி பதில்

வேலூரில் ஆய்வகத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், 2018 செப்டம்பர் முதல் பத்து மாதங்கள் வட எத்தியோப்பியாவில் தானா ஏரிக்கரையிலுள்ள பஹிர் தார் நகரத்தில், ஒரு மருத்துவமனையில் சம்பளமின்றிப் பயிற்சியளித்தேன். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எனக்கு அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் ஆராதனை முற்றிலும் புதியது. அது பற்றி நம் வட்டாரத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு செவிலியர் மாணவி: ஐயா, முதல் ஞாயிறு எப்படி இருந்தது? நம் ஆராதனைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

முதல் ஞாயிறு நான் ஆராதனையையே பார்க்கவில்லை, அம்மா. உடன் பணிபுரிந்தவர் "12 மணிக்குத் தொடங்கும்" என்றார். நான் நண்பகலில் போய் நின்றேன். வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது, காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். அங்கே நேரத்தைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை 7 மணிதான் அவர்களுக்கு 1 மணி. ஆகவே அவர் சொன்ன 12 மணி, நம் கணக்கில் காலை 6 மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய தமிழனுக்கு இது புரியாமல் போனது வெட்கம்தான். ஆண்டுக் கணக்கும் அப்படியே: நான் போய் இறங்கிய 2018 செப்டம்பரில் அவர்களுக்கு 2011 பிறந்தது.

அடுத்த ஞாயிறு இருட்டோடு போனேன். வாயிலிலேயே குனிந்து நிலையை முத்தமிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். செருப்பைக் கழற்றுவதும், ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் பிரிந்து நிற்பதும் நம் கிராமத்துக் கோயில்களைப் பார்த்தவருக்குப் புதிதல்ல. புதியது மற்றவை: உட்காருவது அரிது, பாட்டுப் புத்தகம் கிடையாது, ஆராதனை மூன்று மணி நேரத்தை எட்டும். வழிபாட்டு மொழி கெயெஸ். அதை இன்று வீட்டில் பேசுவோர் இல்லை, பிரசங்கம் மட்டும் அம்ஹாரிக் மொழியில் நடக்கும். ஆறாம் நூற்றாண்டின் புனித யாரெத் வகுத்ததாகச் சொல்லப்படும் மூன்று பண்களில்தான் குருக்கள் இன்றும் பாடுகிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் "எக்சியோ" என்று தொடங்கிச் சபையார் திரும்பத் திரும்பச் சொன்ன மறுமொழி, நம்முடைய "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்பதே என்று மூன்றாவது வாரத்தில் தெரிந்துகொண்டேன். அதன்பின் என் வாயும் திறந்தது.

இராணிப்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்: அங்கே திருவிருந்தில் பங்குபெறலாமா?

கூடாது. நம் சபையில் பிற சபையாரையும் அழைக்கிறோம் என்பதால் அங்கேயும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள். அவர்களுடைய திருமுழுக்குப் பெற்று, உபவாசத்தோடு வருகிறவர்களுக்கே அது உரியது. அவர்களிலேயே பெரியவர்கள் பலர் தகுதியில்லை என்று ஒதுங்கி நிற்பதைக் கண்டேன். எகிப்தின் காப்டிக் சபையும் கேரளத்தின் மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபையும் அவர்களோடு ஒரே குடும்பம்; இச்சபைகளின் தலைவர்கள் 1965இல் அடிஸ் அபாபாவிலேயே கூடினார்கள். ஆகவே உங்களோடு வரும் மலையாள நண்பருக்கு வழி இருக்கலாம், அதையும் குருவிடம் கேட்ட பின்னரே. ஆனால் குரு கைச்சிலுவையை நீட்டும்போது அதை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள எவருக்கும் தடை இருந்ததாகத் தெரியவில்லை, எனக்கும் நீட்டினார்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பொறியாளர்: நான் இந்து, சைவ உணவுக்காரன். என்னைக் கோயிலுக்குள் விடுவார்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பின்வரிசையில் அமைதியாக நிற்பவரை யாரும் துரத்தவில்லை. சாப்பாட்டில் உங்களுக்கு யோகம்தான். புதனும் வெள்ளியும் அவர்களுக்கு உபவாச நாள்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள்கள் வேறு. அந்நாள்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். கடையில் "யெ-ட்சோம்" என்று கேட்டால், கடலை மாவில் செய்த ஷிரோவும் பருப்பும் கீரையும், புளித்த மாவில் வார்த்த இன்ஜெராவின்மேல் வந்துவிடும். இன்ஜெரா நம் ஆப்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்பேன். புளிப்பு மட்டும் ஒரு பங்கு கூடுதல்.

ஆம்பூரிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, தொண்டோடு சுவிசேஷமும் சொல்லலாம் என்று எங்கள் குழு நினைக்கிறது.

தம்பி, நான்காம் நூற்றாண்டில் அக்சும் அரசன் எசானா காலத்திலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது. ஆற்காட்டு மிஷன் நம் மண்ணில் தொடங்கியது 1853இல். அவர்களுக்குப் போய் நாம் என்ன புதிதாகச் சொல்லப்போகிறோம்? எந்த வேலைக்கு அழைத்தார்களோ அதைச் செய்யுங்கள். நுண்ணோக்கியைத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்ததைத்தான் என் மாணவர்கள் இன்றும் நினைவூட்டி எழுதுகிறார்கள்.

ஆற்காட்டிலிருந்து ஒரு தாயார்: என் மகள் போகிறாள். உடை எப்படி? ஊசி ஏதும் போடவேண்டுமா?

பெண்கள் நெத்தெலா என்னும், கரை போட்ட மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியால் தலையையும் தோளையும் மூடுகிறார்கள். சேலை முந்தானையால் முக்காடு போட்டாலும் போதும், வெள்ளையாக இருந்தால் கூட்டத்தோடு கலந்துவிடுவாள். ஜனவரி 19 அன்று (லீப் ஆண்டில் 20 அன்று) திம்கத் என்னும் திருமுழுக்கு விழா வரும். நீர்நிலைக்கு ஊர்வலம் போகையில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலியைக் கேட்டு அவள் திகைக்க வேண்டாம், அது நம்ம ஊர்க் குலவையேதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டு, சான்றிதழைக் கையோடு வைத்திருக்கட்டும். திரும்பி இந்தியாவில் இறங்கும்போது கேட்பார்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அன்பர்: படம் எடுக்கலாமா?

உள்ளே வேண்டாம்.

வேலூரிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்: எனக்கு முழங்கால் வலி. மூன்று மணி நேரம் நிற்க முடியுமா?

எனக்கும் அதே வலிதான், ஐயா. வெளியே மரத்தடியில் நின்றபடியே ஆராதனையில் கலந்துகொள்வோர் அங்கே ஏராளம், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. உள்ளேதான் நிற்பேன் என்றால் அதற்கென்றே மெக்வாமியா என்னும் தடி இருக்கிறது: நீளமானது, தலைப்பு குறுக்குக்கட்டையாக இருக்கும், அதன்மேல் கைகளையும் தாடையையும் சாய்த்துக்கொள்ளலாம். விழா நாள்களில் குருக்கள் அதையே தாளத்துக்கேற்ப அசைத்து ஆடுவார்கள். இரண்டாம் ஞாயிறு நான் கால் மாற்றிக் கால் நிற்பதைக் கண்ட பக்கத்துக் கிழவர், ஒன்றும் பேசாமல் தம் தடியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். மறுவாரம் அவர் இரண்டு தடிகளோடு வந்தார்.