போன், வாடகை, வங்கி, பழைய கார்: லெஸ்டருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

"பி.இ. வரை ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆனால் இங்கிலாந்தில் லெஸ்டர் வந்த பிறகு வங்கியிலிருந்து போன் வந்தாலே பதற்றமாக இருக்கிறது. எந்த வார்த்தைகளை முதலில் கற்றுக்கொள்வது?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. உங்கள் பணத்தை யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லும் வார்த்தைகளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை கடைக்குப் போகப் போகத் தானாக வரும்.

குவிட் என்றால் பவுண்டு, ஃபைவர் ஐந்து, டென்னர் பத்து, கிராண்ட் ஆயிரம். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வாடகை விளம்பரத்தில்தான் கவனம் வேண்டும். 'பி.டபிள்யூ.' என்றால் வாரத்துக்கு, 'பி.சி.எம்.' என்றால் மாதத்துக்கு. வாரம் 200 பவுண்டு என்றதும் நம் ஆட்கள் நான்கால் பெருக்கி மாதம் 800 என்று எடுத்துக்கொள்வார்கள். வருடத்தில் 52 வாரம்; 200ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 866 பவுண்டு 67 பென்ஸ். வருடத்துக்கு 800 பவுண்டு வித்தியாசம். 'ஹோல்டிங் டெபாசிட்' என்பது வீட்டை உங்களுக்காக நிறுத்திவைக்கக் கொடுக்கும் முன்பணம். இங்கிலாந்தில் ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நாம் அட்வான்ஸ் என்று சொல்வது இங்கே டெபாசிட். வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைதான் அதன் உச்சவரம்பு. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் அதைச் சேர்த்தாக வேண்டும். எந்தத் திட்டம் என்று தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்து, வங்கியில் எல்லோரும் குழம்பும் இரண்டு: டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஆர்டர். டைரக்ட் டெபிட் என்றால் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள கம்பெனிக்கு நீங்கள் அனுமதி தருகிறீர்கள். கரண்ட் பில் மாதிரி தொகை மாறலாம், மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துவிட்டால் வங்கியே முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவாதம் இருக்கிறது. ஸ்டாண்டிங் ஆர்டரில் தொகையையும் தேதியையும் வைப்பது நீங்கள், மாற்றுவதும் நீங்கள். வீட்டுக்காரருக்கு வாடகை அனுப்ப அதுதான் சரி.

போனில் 'பியர் வித் மீ' என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். 'ஐ வில் புட் யூ த்ரூ' என்றால் வேறு ஆளுக்கு லைன் மாற்றுகிறார்கள், வைத்துவிடாதீர்கள். வேகமாகப் பேசினால் 'குட் யூ புட் தட் இன் ரைட்டிங்?' என்று கேளுங்கள், எழுத்தில் அனுப்புவார்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. அப்புறம், 'சேஃப் அக்கவுண்ட்' என்று காதில் விழுந்த நொடியே போனை வைத்துவிடுங்கள். உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிப் பத்திரப்படுத்துங்கள் என்று உண்மையான வங்கி ஒருநாளும் சொல்லாது. வைத்துவிட்டு 159ஐ அழையுங்கள். அது உங்கள் உண்மையான வங்கிக்கே லைன் கொடுக்கும் எண்; பெரிய வங்கிகள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. புதிதாக வந்த பிள்ளைகள் இந்த மாதிரி அழைப்பில் சேமிப்பையெல்லாம் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கார் வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். விளம்பரத்தில் 'ஓ.என்.ஓ.' இருந்தால் பேரம் பேசலாம். 'கேட் எஸ்', 'கேட் என்' என்றிருந்தால் அந்தக் கார் அடிபட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒருமுறை கைவிட்டது. எஸ் என்றால் வண்டியின் கட்டமைப்பிலேயே சேதம். 'ஃபைனான்ஸ்' பாக்கி இருந்தால் வண்டி இன்னும் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாக இருக்கலாம், வாங்கும் முன்பே அதற்கான சோதனைக்குக் காசு கட்டிச் சரிபார்த்துவிடுங்கள். தனி ஆள் 'சோல்ட் ஆஸ் சீன்', அதாவது பார்த்த நிலையிலேயே விற்பனை என்று விற்றால், பெரும்பாலும் சொன்னதும் வண்டியும் ஒத்துப்போகாவிட்டால்தான் சண்டை போட முடியும். டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை இருக்கிறது. வாங்கும்போதே பழுது இருந்தது என்று தெரிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் நம்பரை அரசின் எம்.ஓ.டி. (வண்டிகளுக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனை) இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எந்த வருடம் எதில் ஃபெயில் ஆனது, எத்தனை மைல் ஓடியது எல்லாம் இலவசமாகவே தெரியும்.