நிலத்தை விற்காதீர்கள், அவளை வேதியியல் படிக்க விடுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகள் இரண்டாவது முறையும் நீட் எழுதிவிட்டாள், அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. "பாட்டிக்கே அல்சைமர், வீட்டில் ஒரு டாக்டர் வேண்டாமா? நிலத்தை விற்றாவது சேர்த்துவிடு" என்கிறார் உங்கள் கணவரின் அண்ணன். அவளோ பி.எஸ்சி. வேதியியல் போதும் என்கிறாள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதல் சொல்ல நான் எழுதவில்லை. நிலத்தை விற்காதீர்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி போய்விடும். அதற்குப் பிறகும் எம்.டி.க்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. விருப்பமில்லாத பெண்ணின் தலையில் இந்தக் கடனை ஏற்றுவது அநியாயம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. பாட்டியின் எம்ஆர்ஐ அறிக்கையில் நினைவாற்றலுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதாக இருந்தது. "சுருக்கம் தெரிகிறதே, அமிலாய்டு படிவுகள் ஏன் தெரியவில்லை?" என்று உங்கள் மகள் கேட்டாளாமே! அது வேதியியலாளர் கேட்கிற கேள்வி.

அமிலாய்டு என்பது அல்சைமர் நோயில் மூளையில் படியும் ஒரு புரதம். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த அந்தப் படிவுகள் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். மருத்துவமனை எம்ஆர்ஐ படத்தின் ஒரு புள்ளியோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதனால் படிவில் போய் ஒட்டிக்கொண்டு அதை எடுத்துக்காட்டும் மருந்து வேண்டும். எம்ஆர்ஐயில் இப்படி எடுத்துக்காட்டப் பயன்படுவது கடோலினியம் என்னும் உலோகம். அதன் அயனியில் இணைசேராத ஏழு எலக்ட்ரான்கள் உண்டு. பக்கத்து நீர் மூலக்கூறுகளின் காந்த நிலையை அது சீக்கிரம் மீளவைப்பதால் அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். தனி கடோலினியம் நஞ்சு என்பதால் ஒரு கரிம மூலக்கூறுக் கூண்டுக்குள் பூட்டித்தான் ஊசி போடுகிறார்கள். 1988 முதல் இது மருத்துவமனைகளில் புழங்குகிறது.

ஆனால் ரத்தத்தில் இருப்பவை மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு அதை உள்ளே விடாது. உள்ளே நுழைய மூலக்கூறு சிறியதாக, கொழுப்பில் கரைவதாக இருக்க வேண்டும். இந்தக் கூண்டோ பெரியது, நீரை விரும்புவது. அமிலாய்டைப் பிடிக்கும் ஒரு கையையும் சேர்த்தால் இன்னும் பெரிதாகிறது. எலிகளில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கொடுத்துத் தடுப்பைத் தற்காலிகமாகத் திறந்து பார்த்தார்கள், இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை முயன்றார்கள். ஜப்பானின் ரைக்கன் ஆய்வு நிறுவனத்தினர் 2005இல் ஃப்ளூரின் சேர்த்த ஒரு மூலக்கூறால் எலி மூளையில் படிவுகளைப் படமெடுத்தார்கள். மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட இப்படியொரு எம்ஆர்ஐ மருந்து இன்னும் இல்லை.

உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் படிவு தெரியும். ஆனால் அதற்குக் கதிரியக்க மருந்து தேவை. அதில் பயன்படும் ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான், தயாரித்த கையோடு நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் போன்ற, அமிலாய்டை அகற்றும் மருந்தைக் கொடுக்கும் முன் அமிலாய்டு இருப்பதை உறுதிசெய்தாக வேண்டும். ஆகவே தேவை கூடிக்கொண்டே போகிறது. உறவினருக்கு இதையும் சொல்லுங்கள்: எம்ஆர்ஐக்காக 2003இல் மருத்துவ நோபல் பெற்ற பால் லாட்டர்பர் ஒரு வேதியியலாளர், கூடவே பெற்ற பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் ஓர் இயற்பியலாளர்.

வழி இரண்டு. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் சேரலாம். இல்லையென்றால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. அதன் பிறகு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி (ஜேஆர்எஃப்) பெற்றால் முனைவர் பட்டத்துக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

முழுக்க முடிக்கப் பத்தாண்டு ஆகும், மறைக்க மாட்டேன். நடுவில் "எப்போது கல்யாணம்" என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் அல்ல. இந்த ஆராய்ச்சியே கிடைக்காமல் போனாலும், மூலக்கூறுகளை உருவாக்கும் கரிமத் தொகுப்பும், அவற்றின் அமைப்பை அறியும் என்எம்ஆர் முறையும் கைவந்தவர்களுக்கு ஐதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களில் வேலை உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் தாங்களே கையால் சோதனை செய்கிறார்களா என்று ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். இந்திய அறிவியல் அகாதமிகள் தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். முதலாண்டிலிருந்தே ஒரு பேராசிரியரிடம் கேள்வி கேட்டுப் பழகச் சொல்லுங்கள்.