திருகோணமலையில் வாடிக்கையாளருக்கு இரவுச் சாப்பாடு: எந்தக் கடை, எந்த நேரம்?

கேள்வி: கொழும்பில் ஐஸ் இயந்திரங்கள் விற்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். ஜூலையில் இரண்டு நாள் திருகோணமலைக்கு வருகிறேன். நான்கு வாடிக்கையாளர்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டும். இருவர் கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்யும் முதலாளிமார், ஒருவர் டவுனில் இருக்கும் சுத்த சைவம், ஒருவர் கந்தளாயிலிருந்து வரும் சிங்களப் பொறியியலாளர். எங்கள் டைரக்டரும் கூட வருவார், அவருக்குக் கொஞ்சம் குடிக்கும் பழக்கம் உண்டு. நிலாவெளிக் கடற்கரையில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். சரிவருமா?

பதில்: சரிவராது. இடம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வழியைப் பாருங்கள். நிலாவெளி டவுனிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவு. கிண்ணியா தெற்கே, கந்தளாய் தென்மேற்கே. உங்கள் நான்கு விருந்தாளிகளில் மூன்று பேர் டவுனைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரவில் திரும்ப டவுனுக்குள் வந்து, அங்கிருந்து வீடு போக வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்துக் கிடக்கும் தொல்லை தீர்ந்தது உண்மைதான். அதற்காக ஒரு மனிதரைச் சாப்பாட்டுக்காக முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட்ட வைக்கலாமா? டவுனுக்குள், அல்லது உட்துறைமுக வீதிப் பக்கம் பாருங்கள். மிஞ்சிப் போனால் உப்புவெளி. அதற்கு அப்பால் வேண்டாம்.

இன்னொன்று, ஜூலை கச்சான் காற்றுக் காலம். கடற்கரை மணலில் மேசை போட்டிருக்கும் இடங்களில் மாலையானால் சில நாள் காற்று விடாமல் அடிக்கும். நானே ஒருமுறை இப்படி ஓர் இடத்தில் விலைப் பட்டியலை விரித்துவைத்து, உப்புக் குப்பியைப் பாரமாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். குப்பியோடு சேர்த்துத் தாளும் கணவாய்க் கறிக்குள் விழுந்தது. வாடிக்கையாளர் சிரித்தார், ஆனால் அன்று விலை பேசி முடியவில்லை. அதோடு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் உல்லாசப் பயணிகள் சீசன். கடற்கரை ஹோட்டல்களில் பாட்டும் பஃபேயுமாக இருக்கும், பேச்சு காதில் விழாது.

இனி மேசையில் இருப்பவர்கள். கட்டுப்பாடு அதிகம் உள்ளவரிலிருந்து தொடங்கி இடத்தைத் தேடுங்கள். எல்லாம் சாப்பிடுகிறவருக்கு எந்தக் கடையிலும் ஏதாவது கிடைத்துவிடும்.

முதலில் சைவக்காரர். பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான். 'வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ் இருக்குது சேர்' என்று சொல்லிவிடுவார்கள். அது வருகிற தாச்சியில் சற்றுமுன் இறால் புரண்டிருக்கும். ஆகவே முதல் நாளே கடைக்குப் போய், வெயிட்டரிடம் கேட்காமல் சமையல்காரரையே கூப்பிட்டு, 'சம்பலுக்கு மாசி போடுறனீங்களோ?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாசிக்கருவாடு இல்லாத சம்பலைத் தனியாக அரைத்துத் தர யோசிக்காமல் ஒத்துக்கொள்கிறவர் மற்றதையும் கவனிப்பார். தயங்கினால், 'கொஞ்சம்தான் போடுவம்' என்றால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, இடியப்பம் ஆகியவற்றைத் தனிச்சட்டி, தனிக்கரண்டியில் செய்யச் சொல்லி, அவர் முன்னால் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பொதுத் தட்டில் எல்லோரும் கைபோட்ட பிறகு அவருக்கு எஞ்சுவது வெறும் சோறும் அப்பளமும்தான்.

கிண்ணியாக்காரருக்கு ஹலால் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறந்துபோவது குடி. சாப்பாடு ஹலாலாக இருந்தாலும், மது வைத்த மேசையில் உட்கார மாட்டாதவர்கள் அவர்களில் பலர். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார்கள். டைரக்டருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: குடிப்பதென்றால் எல்லோரும் போன பிறகு, அவர் தங்கும் ஹோட்டலில். பார் இல்லாத உணவகமாகத் தெரிந்தெடுத்தால் இந்தப் பேச்சே எழாது. மாட்டிறைச்சியையும் விட்டுவிடுங்கள். டவுன்காரரும் கந்தளாய்க்காரரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் நன்றாக இருக்காது. சைவக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பொருந்துவது மீனும் கோழியும்தான். இந்த ஊரில் அது குறையே இல்லை. பாரை, விளைமீன், அறுக்குளா, கணவாய் என்று அன்று வந்ததைக் கேட்டுச் சொல்லுங்கள். பட்டியலில் இருப்பதைப் பிடிவாதமாகக் கேட்டால் ஐஸ்பெட்டிக்குள் கிடந்தது வரும். மீன் வியாபாரிகளுக்கு முன்னால் அந்த மீனை வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

நண்டு வேண்டாம். திருகோணமலை நண்டுக்கறிக்கு நான் எதிரி அல்ல, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட ஆசைதான். ஆனால் ஓடு உடைத்து, கால் உறிஞ்சி, விரலெல்லாம் குழம்போடு இருக்கிறவர் உங்கள் இயந்திரத்தின் மின்செலவைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கையால் சாப்பிடுகிறவர்கள்தானே, அதனால் கை கழுவும் இடத்தையும் முதல் நாளே பாருங்கள். பைப்பில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, அங்கே போக சமையலறைக்குள்ளால் நடக்க வேண்டுமா? நான் ஒரு கடையை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

கொத்து ரொட்டிக் கடைகளும் வேண்டாம். தகட்டில் கத்தி அடிக்கிற சத்தத்தில் ஆறு பேர் பேச முடியாது. தனியாக வந்த இரவில் நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். காலைக்கு ஏதாவது சைவக் கடையில் தோசையும் சம்பலும். சில கடைகளில் வடையும் ரோல்ஸும் நிறைந்த தட்டைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், தின்றதை எண்ணித்தான் காசு.

நாளும் நேரமும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். பகலில் ஜும்ஆ, இரவில் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத இந்துக்கள் பலர், ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் இன்னும் கூடுதல். போயா நாளும் பார்க்க வேண்டும். அன்று மதுவிற்பனை இல்லை என்பது உங்களுக்கு வசதியே, ஆனால் கந்தளாய் நண்பர் பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போகக்கூடும், இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை மச்சம் சாப்பிடாதவர்களும் உண்டு. என் தெரிவு புதன் அல்லது வியாழன். மஃரிப் தொழுகை முடிந்து வர வசதியாக ஏழேகாலுக்கு அழையுங்கள். ஒன்பதுக்கு முன் எழும்பினால் கந்தளாய்க்காரரும் நிம்மதியாகப் போய்ச் சேருவார். ஏழேகால் என்றால் ஏழேகாலுக்குச் சட்டி மேசைக்கு வர வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிய பிறகுதான் மீன் வெட்டத் தொடங்கும் கடைகள் உண்டு.

காசு விஷயம் வேறு விதமாகச் சிக்கலாகும். விலைப் பட்டியலில் 10 வீத சேவைக் கட்டணமும், கடை வற் பதிவுள்ளதானால் 18 வீத வற்றும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால், பட்டியலில் 20,000 ரூபாய் என்று பார்த்தது 25,000ஐத் தாண்டும். அலுவலகத்துக்கு வரிப் பற்றுச்சீட்டு வேண்டுமானால் கம்பனிப் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், இரவில் எழுதித் தரச் சொன்னால் இழுபடும். இதைவிடப் பெரிய தொல்லை, பில் வரும் நேரத்தில் கிண்ணியா முதலாளி எழும்பி கவுண்டருக்குப் போவது. 'எங்கட ஊருக்கு வந்திட்டு நீங்க காசு குடுக்கிறதோ?' என்பார். அவர் கணக்கில் நீங்கள்தான் விருந்தாளி. கவுண்டரில் இரண்டு பேர் காசை நீட்டி இழுபறிப்படுவது யாருக்கும் நல்லதல்ல. முற்பணமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் வரும்வரை யாரிடமும் வாங்கக்கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

மாகாண சபையிலிருந்து யாராவது அதிகாரி வருவதாக இருந்தால் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு, கம்பனிக் காசில் விருந்து என்றால் அவருக்குத்தான் இடைஞ்சல். அலுவலகத்தில் ஒரு தேத்தண்ணியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு ஐஸ்கிறீம் வேண்டாம். கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் கேளுங்கள், நான்கு பேருக்கும் பொதுவானது அது. பகலிலேயே இரண்டு சட்டி வாங்கிக் கடையில் குளிரில் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். எந்தத் தயிர் நல்லது என்று அந்த முதலாளிமாரிடமே காலையில் போனில் கேட்டு வாங்கினால், இரவில் முதல் அரை மணித்தியாலத்துக்குப் பேச்சுக்கு உங்களுக்குத் தட்டுப்பாடு இருக்காது.