பிறை படுத்துத்தான் கிடக்கும், டீச்சர்

வானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் உங்கள் ஆப்பில் பிறை நிமிர்ந்து நிற்கிறது, "எங்க லயத்து வீட்டு வாசல்ல பார்த்தா படுத்துல்ல கிடக்கு" என்று இலங்கை மலையகத்து ஹட்டன் பிள்ளைகள் மறுக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் சொல்வதுதான் சரி. ஆப்பில் இருப்பது ஐரோப்பாப் பக்கத்து வானத்துக்கு வரைந்த படம். நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர் கீழே இறங்குவதால் பிறையின் ஒளிப்பக்கமும் கீழே பார்க்கும், தோணி மாதிரி.

படத்தை மட்டும் திருப்பிவிட்டு நிறுத்தாதீர்கள். திரையில் சூரியனையும் வையுங்கள். பிள்ளை விரலால் நிலாவை இழுக்க இழுக்க, ஒளிப்பக்கம் சூரியனை நோக்கித் தானாகத் திரும்பட்டும். பூமியின் நிழல் விழுந்துதான் பிறை உண்டாகிறது என்ற பிழையும் அப்போதே கழன்றுவிடும்.

துருவ நட்சத்திரத்தை வைத்துத் திசை காட்டும் பகுதியைத் தூக்கிவிடுங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை; தொடுவானத்திலிருந்து அந்த உயரத்துக்கும் கீழேதான் இங்கே துருவ நட்சத்திரம். தேயிலை மலை மறைத்துவிடும்.

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசம், கணினியில் இணையமில்லாமலும் ஓடும். பள்ளி மைதானத்தைச் சுற்றி எடுத்த படத்தை அதில் தொடுவானமாகப் போடலாம். நான் போட்டபோது பிள்ளைகள் முதலில் தேடியது கோயில் மரத்தைத்தான், நட்சத்திரத்தை அல்ல!